ராகு காலத்தின் முதல் நாற்பது விநாடி

எனக்கு வாய் நீளம். அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். வீட்டில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் தங்கம் வாங்கி விற்கிறவர்கள் நம்மவர்களில் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் தலையில் கட்டுவதற்கென்றே மாதத்துக்கு ஒரு மென்பொருள் வருகிறது. 'நீங்கள் தூங்குங்கள், நாங்கள் சம்பாதித்துத் தருகிறோம்' என்று சொல்லாத மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை. அவற்றை வாங்கிப் பிரித்து மேய்ந்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது என் வேலை. மூன்று ஆண்டுகளில் நாற்பத்தொரு மென்பொருள்கள். பாதிக்கு மேல் மூன்று மதிப்பெண்ணைத் தாண்டவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி அறை. இரண்டு திரை, ஒரு மடிக்கணினி, எப்போதும் தூசி கக்கும் ஒரு காற்றாடி. டெலிகிராமில் 'குகன் மார்க்' என்று ஒரு குழு. அதில் ஆயிரத்து இருநூறு பேர். என் மதிப்பெண்ணைப் பார்க்காமல் அவர்கள் எதையும் இறக்கிக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு மூன்று விதிகள் உண்டு. மென்பொருள் நிறுவனத்திடம் ஒரு காசு வாங்குவதில்லை. பொய்ப் பணத்தில் விளையாடிப் பார்க்காமல் சொந்தப் பணம் போட்டுச் சோதிப்பேன். சோதிக்கப் போகிற நாளையும் மணியையும் குழுவில் முன்கூட்டியே அறிவித்துவிடுவேன். மற்றவர்கள் அறைக்குள் பத்து முறை சோதித்துவிட்டு, நன்றாக வந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். என்னிடம் அந்தப் பேச்சே கிடையாது. இந்த மூன்றாவது விதியில் எனக்குத் திமிர் அதிகம். அந்தத் திமிர்தான் என் அக்காவின் பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோயிற்று.

சுபாங் ஜெயாவிலிருந்து வந்த மென்பொருள் அது. பெயர் தெனாங். மலாயில் அமைதி என்று பொருள். தங்கத்தின் விலைக்கோட்டைக் காட்டும், அதிலேயே வாங்கலாம், விற்கலாம். நாம் விற்கும் தங்கத்தை மறுபக்கத்தில் வாங்கிக்கொள்வதும் அதே நிறுவனந்தான். இந்தத் தொழிலில் அது வழக்கம் என்பதால் அதற்காக நான் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. விலை சரியாக இருந்தது. கேட்ட பணம் கேட்ட அன்றே என் வங்கிக்கு வந்தது. அவர்களுடைய ஆள் ஷான் என்று ஒருவன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், குரலை உயர்த்தியே அறியாதவன். நான் அனுப்பிய புகார்களுக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதிய ஒரே ஆள் அவன்தான்.

எட்டு போடலாம் என்று இருந்தபோது கன்னையா குழுவில் ஒரு குரல்பதிவு போட்டார். டெங்கில் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். எண்ணெய் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் தங்க வியாபாரம்.

"பாஸ், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ராகு காலம் வந்தா ஒரு சத்தம் குடுக்கச் சொல்லுங்களேன். லோரிய ஓட்டிக்கிட்டு காலண்டரப் பாக்க முடியல லா."

"நாளைக்கி சூலம் எந்தத் தெசைன்னும் கேப்பீங்க" என்று நான் கிண்டலடித்தேன். கிண்டலுக்குக் கீழே முந்நூறு பேர் 'எனக்கும் வேணும்' என்று கை தூக்கியிருந்தார்கள். ராகு காலத்தில் புதிதாக எதையும் வாங்குவதில்லை, வாங்கியதைக் கையில் வைத்துக்கொள்வதும் இல்லை என்று இத்தனை பேர் இத்தனை நாளாகச் சத்தமில்லாமல் செய்து வந்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் நேரம் பார்க்காமல் நானும் புது மோட்டார் சைக்கிளை எடுத்ததில்லை. ஷானிடம் சும்மா கேட்டு வைத்தேன்.

மூன்றே நாளில் செய்துவிட்டான். முதலில் வந்தது வெள்ளிக்கிழமை பத்தரை என்று காட்டியது. கன்னையாதான் பிடித்தார். "இது மெட்ராஸ் ராகு பாஸ். நம்ம ராகு பதினொன்னே முக்காலுக்குத்தான் வரும்" என்றார். மறுநாள் காலை அதையும் திருத்திவிட்டார்கள். கோலாலம்பூரில் அன்றன்றைக்குச் சூரியன் உதிக்கும் நேரத்தை வைத்து நிமிடக் கணக்கில் போட்டார்கள். எனக்கு உண்மையிலேயே மனம் நெகிழ்ந்துவிட்டது. எங்கள் ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு எழுகிறான் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட முதல் மென்பொருள் அது.

நினைவூட்டலுக்குத் தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள் அண்ணே என்று ஷான் கேட்டான். எழுதிக் கொடுத்தேன். 'ராகு காலம் தொடங்குகிறது. அமைதியாக இருங்கள்.' அந்த வாரமே ஒன்பது மதிப்பெண் போட்டுக் காணொளி வெளியிட்டேன். பத்து போடாததற்கு ஒரே காரணம், இதுவரை யாருக்கும் பத்து போட்டதில்லை என்ற பெருமை.

இரண்டு மாதத்தில் குழுவில் அறுநூறு பேர் தெனாங் வைத்திருந்தார்கள். நினைவூட்டல் அடிக்கும். அறுநூறு பேரும் கையிலிருப்பதை விற்றுவிட்டு ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ராகு விலகியதும் திரும்ப வாங்குவார்கள். அப்புறம் ஒரு வேடிக்கை தொடங்கியது. நினைவூட்டல் அடித்த அதே நிமிடத்தில் விலை சரிகிறது என்று படம் எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். 'பாத்தீங்களா ராகுவை!' 'தப்பிச்சோம்டா சாமி!' என்று தினமும் திருவிழா. என் திரையில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஊதிப் பெரிதாக்குகிறார்கள், கூட்டம் சந்தோஷமாக இருக்கும்போது நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். சோதிக்கிறவன் செய்யக் கூடாத காரியம் அது. செய்தேன்.

இதற்குள் என் அக்கா மலர்விழியும் தெனாங்கில் இறங்கியிருந்தாள்.

அக்கா கிள்ளானில் ஒரு மூலை வீட்டை வாடகைக்கு எடுத்துப் பதினோரு வருடமாகப் பாலர் பள்ளி நடத்துகிறாள். பதினெட்டுப் பிள்ளைகள். மாமா போன பிறகு அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான். வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு மகளிடம் போகிறார். "உன்னிடம்தான் முதலில் கேட்கிறேன், மாதக் கடைசிக்குள் முன்பணம் கொடு, இல்லையென்றால் கார் கழுவும் கடைக்காரர் காத்திருக்கிறார்" என்று சொல்லியிருந்தார். அக்காவிடம் முக்கால்வாசி இருந்தது. மீதிக்காக அந்த முக்கால்வாசியையும் தெனாங்கில் போட்டுவிட்டு என்னிடம் வந்து சொன்னாள்.

"நீ ஒம்போது போட்டிருக்கியே. அப்ப நல்லதுதானே?"

"மென்பொருள் நல்லதுக்கா. யாவாரம் உன் பாடு."

சாமர்த்தியமான பதில் என்று அப்போது எனக்குப் பட்டது. அக்கா நான் சொன்னதில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போனாள்.

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, கன்னையா பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். மனைவிக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர், இரண்டு சோற்றுப் பொட்டலத்தோடு என் அறைக்கு ஏறி வந்துவிட்டார். கைப்பேசியை என் மடிக்கணினி பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டிலும் தெனாங். இரண்டிலும் தங்கம். கீழே பாட்டுக் கடையில் ஏதோ பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்று பதினேழுக்கு இரண்டும் ஒன்றாக மணி அடித்தன. நான் எழுதிய வரி இரண்டு திரையிலும் வந்தது. கன்னையா சோற்றுக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இடக்கையால் விற்றார். அப்போதுதான் பார்த்தேன். அவருடைய கைப்பேசியில் கோடு கீழே இறங்கியது. என் மடிக்கணினியில் அதே தங்கம், அதே விநாடி, கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா பாஸ், ராகுவ?" என்றார் வாய் நிறையச் சோற்றுடன்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி. அவருடைய கோடு மெல்ல மேலே ஏறி, என்னுடைய கோடு நின்ற அதே விலைக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் அறுநூறு பேரும் குறைந்த விலைக்கு விற்று முடித்திருப்பார்கள். வாங்கியவன் யார் என்று யோசிக்கவே வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளில் போவது ஒரு தே தாரிக் டீ குடிக்கிற காசுதான். அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. வலிக்காதது மட்டுமா, விலை விழுந்ததைப் பார்த்துப் பார்த்து ராகுவின் மேல் நம்பிக்கை கூடிக்கொண்டே போயிற்று. அடுத்த நாள் இன்னும் சரியான நேரத்துக்கு வந்து விற்றார்கள். கன்னையா கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் வியாழன், இரண்டு நாற்பத்தொன்பது. அக்காவைக் கூப்பிட்டு, அவள் கைப்பேசித் திரையை அப்படியே பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். அதே பள்ளம். அதே நாற்பது விநாடி. வேறு நான்கு இடங்களில் தங்க விலையைப் பார்த்தேன். அங்கெல்லாம் என்னுடையதைப் போல நேர்க்கோடு. ஊருக்கெல்லாம் ஒரு தராசு, எனக்கு மட்டும் நல்ல தராசு. நான் ஒன்பது மதிப்பெண் போட்டது என் ஒருவனுக்காகவே வைத்திருந்த மென்பொருளுக்கு.

அப்போதே கொமுட்டர் ரயில் ஏறிச் சுபாங் ஜெயாவுக்குப் போனேன்.

அலுவலகம் என்று சொன்ன இடத்தில் இருபது மேசைகள் இருந்தன. ஆள் ஷான் ஒருவன்தான். குளிர்சாதனம் எலும்பு வரைக்கும் இறங்கியது. சுவரில் பெரிய திரை ஒன்று. அதில் இரண்டே எண்கள். ஒன்று அப்போது தெனாங்கைத் திறந்து வைத்திருந்தவர்களின் எண்ணிக்கை. இன்னொன்று பத்தொன்பது மணி முப்பது நிமிடம் என்று காட்டி, விநாடி விநாடியாகக் குறைந்துகொண்டிருந்தது. மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்கால்.

"வாங்கண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான் ஷான்.

நான் அக்காவின் பதிவைக் காட்டினேன். நிதானமாக, முழுக்கப் பார்த்தான்.

"அறுநூறு பேரு ஒரே செகண்ட்ல வித்தா வெல விழத்தாண்ணே செய்யும். மார்க்கெட் அப்படித்தான்."

"என் ஸ்கிரீன்ல விழலையே?"

"நீங்க ரிவ்யூ பண்றவரு. உங்களுக்குன்னு தனி லைன் குடுத்திருக்கோம். எல்லாக் கம்பெனியும் அப்படித்தாண்ணே செய்றாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

நாற்பத்தொரு மென்பொருள்களும் என் கண் முன்னால் வரிசையாக வந்து போயின. எதை நான் சோதித்தேன், எதற்கு மதிப்பெண் போட்டேன் என்று ஒன்றும் புரியவில்லை. ஆத்திரத்தில் கத்தினேன். திருட்டுப் பயல்கள் என்றேன், போலீஸுக்குப் போவேன் என்றேன். அவன் நான் முடிக்கும் வரை காத்திருந்தான். நிறுவனம் இங்குள்ள போலீஸ் கைக்கு எட்டாமல் எங்கோ ஒரு தீவில் பதிவாகியிருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"ராகு காலம் வேணும்னு நாங்க கேக்கலியே அண்ணே. நீங்கதானே கேட்டீங்க."

"நாளைக்கு ஒருத்தனும் விக்க மாட்டான். எல்லாரையும் உக்கார வைக்கிறேன். உன் பள்ளத்த ஊரே உக்காந்து பாக்கட்டும்."

"அனௌன்ஸ் பண்ணிடுங்க" என்றான். கிண்டலே இல்லாமல் சொன்னான். "உங்க மூணாவது ரூல் எனக்கு ரொம்பப் புடிக்கும். கிள்ளான்ல ஒரு ஆன்டி இருக்காங்க, ராகு வர்றதுக்கு ஒரு செகண்ட்கூட லேட்டா வித்ததில்ல. அவங்களும் நாளைக்கு உக்காருவாங்களா?"

அக்காவைப் பற்றி நான் அவனிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

திரும்பும் ரயிலில் இரண்டு செய்திகள் எழுதினேன். முதலாவது குழுவுக்கு. 'நாளை வெள்ளி, 11.45. நினைவூட்டலை அணைத்துவிடுங்கள். யாரும் விற்க வேண்டாம். நாற்பது விநாடி பொறுங்கள், விலை தானாகத் திரும்பும். தெனாங்கின் திருட்டை நேரலையில் காட்டுகிறேன்.' இரண்டாவது அக்காவுக்கு. 'இப்பவே எல்லாத்தையும் வித்துட்டு பணத்தை வெளிய எடு.' முதலாவதை அனுப்பினேன். இரண்டாவதை அழித்தேன்.

ஏன் அழித்தேன் என்று பிறகு பல பேர் கேட்டார்கள். அக்கா மட்டும் கேட்கவில்லை. என் திரையில் பள்ளம் வராது, அதனால் எனக்கு ஒரு சாட்சித் திரை வேண்டியிருந்தது. கன்னையா லோரியில் இருப்பார். பெரிய தொகையோடு, பக்கத்தில் உட்கார்ந்து படமெடுக்கத் தோதாக இருந்தது அக்காவின் கைப்பேசிதான். ஆபத்தில்லை என்று கணக்கும் போட்டுப் பார்த்தேன். தெனாங் நம் பணத்தைப் போல் பல மடங்குக்குத் தங்கம் வாங்க விடும். விலை ஓர் அளவுக்குக் கீழே போனால் நம்மைக் கேட்காமல் அதுவே விற்றுக் கணக்கை மூடிவிடும். ஆனால் இதுவரை விழுந்த பள்ளத்தைவிட எட்டு மடங்கு விழுந்தாலும் அக்காவின் கணக்கு தாங்கும். எட்டு மடங்கு எங்கே விழப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் புதிதாக மஞ்சள் வண்ணம் அடித்திருந்தது. வாடகை வீட்டுக்கு யாராவது வண்ணம் அடிப்பார்களா? அவள் மனத்தில் அது சொந்த வீடாகி ஒரு மாதம் ஆகிவிட்டது.

"வெள்ளிக்கெழம அதுவுமா ராகு காலத்துல வச்சிருக்கணுமாடா?" என்றாள் அக்கா. "வித்துட்டேன்னா இன்னிக்கி முன்பணத்துக்கு நூறு இருநூறுதான் கொறையும். அத நீ குடுத்துட மாட்டியா?"

அந்த வார்த்தையை அவள் சொன்ன நேரம் பதினொன்று நாற்பது. ஐந்து நிமிடம் இருந்தது. சரி வித்துடுக்கா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"நாப்பது செகண்டுக்கா. மூச்சப் புடிச்சிக்கிட்டு உக்காரு. அறுநூறு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க."

அவள் நினைவூட்டலை அணைத்தாள். எனக்காகத்தான் அணைத்தாள். என் மடிக்கணினியையும் அவள் கைப்பேசியையும் சின்ன நாற்காலி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் கைப்பேசியால் நேரலையைத் தொடங்கினேன். பெரிய மனுஷன் தோரணையில் ஐந்து, நாலு, மூணு என்று எண்ணிக்கூடக் காட்டினேன்.

பதினொன்றே முக்கால். மணி அடிக்கவில்லை. அக்காவின் கோடு இறங்கியது.

"இதோ பாருங்க, நான் சொன்ன பள்ளம். என் ஸ்கிரீன்ல பாருங்க, ஒண்ணுமே இல்ல" என்றேன்.

எட்டாவது விநாடியில் வழக்கமான ஆழத்துக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. பன்னிரண்டு. பதினைந்து. கோடு திரையின் அடியைத் தொட்டு, திரை தானாகக் கீழே நகர்ந்து, அதிலும் இறங்கியது. அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். யாரும் விற்கவில்லையென்றால் மென்பொருளே விற்றுக் கணக்கை மூடும் இடம் வரை விலையை அவர்கள் கொண்டுபோவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை பேர் எந்த நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று நானே ஒரு நாள் முன்னால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"விக்கட்டுமாடா? குகா, விக்கட்டுமா?"

"வி... வித்துடு."

அவள் அழுத்தினாள். சுற்றிக்கொண்டே இருந்தது. பத்தொன்பதாவது விநாடியில் ஒரு சாம்பல் பெட்டி வந்தது. 'கணக்கு மூடப்பட்டது.' அந்தத் தமிழ் வரியும் பிறகு ஒரு நாள் ஷான் கேட்டு நான் எழுதிக் கொடுத்ததுதான்.

நாற்பதாவது விநாடியில் கோடு மேலே ஏறி வந்து, என் மடிக்கணினியில் இருந்த விலையில் சாதுவாக நின்றது. என் திரையில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. சோதனைக்காக நான் போட்டிருந்த சின்னத் தொகை பத்திரமாக இருந்தது, கொஞ்சம் கூடியுமிருந்தது.

பிறகு, அணைத்து வைத்திருந்த நினைவூட்டல் அக்காவின் கைப்பேசியில் தானாக அடித்தது. 'ராகு காலம் தொடங்குகிறது. அமைதியாக இருங்கள்.' பாயிலிருந்த ஒரு பிள்ளை அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தது.

குழுவில் செய்திகள் கொட்டின. என் பேச்சைக் கேட்டு விற்காமல் உட்கார்ந்தவர்கள் எண்பது பேருக்கு மேல். மற்றவர்கள் என்னை நம்பாமல் ராகுவை நம்பி, மணிக்கு முன்னாலேயே விற்றுவிட்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். கன்னையா என்னை நம்பியிருந்தார். டெங்கில் சாலையோரம் லோரியை நிறுத்திவிட்டுப் பேசியிருக்க வேண்டும், பின்னால் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

"ராகு காலத்தோட வெளையாடலாமா பாஸ்? வேணாம் வேணாம்னு சம்சாரம் சொல்லிச்சு. நீங்க சொன்னீங்களேன்னு வச்சிருந்தேன்."

நான் ஆதாரத்தைப் பாருங்கள் என்று எழுதினேன். இரண்டு திரையும் பதிவில் இருக்கிறது, ஒரே நேரம், இரண்டு விலை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எழுதினேன். பார்த்தார்கள். யாரோ ஒருவர் என் மடிக்கணினித் திரையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். 'எங்க பணம் எல்லாம் போச்சு. உங்க பணம் மட்டும் எப்படி அண்ணே கூடியிருக்கு?' அதற்குக் கீழே வரிசையாகக் கைகள் உயர்ந்தன, அன்றைக்கு ராகு காலம் வேண்டும் என்று உயர்ந்ததைப் போலவே. மாலைக்குள் குழுவில் பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள். தெனாங்கை விட்டு ஒருவரும் வெளியேறவில்லை.

அன்றே தெனாங்குக்கு என் மதிப்பெண்ணைச் சுழியமாக்கினேன். அவர்களுடைய பக்கத்தில் இன்னும் ஒன்பது என்றுதான் போட்டிருக்கிறது, என் படத்தோடு. போலீஸில் கொடுத்த புகாருக்கு ஓர் எண் தந்தார்கள். ஷான் நாலு நாள் கழித்து எழுதினான். புதிய பதிப்பு வந்திருக்கிறது, ராகு காலத்தோடு எமகண்டமும் சேர்த்திருக்கிறோம், சோதித்துப் பார்க்கிறீர்களா, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தான்.

ஆனால் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது அதெல்லாம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அக்கா செய்ததுதான். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டினால் தாங்கியிருப்பேன். பிள்ளைகளின் குவளைகளை எடுத்துக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, காலியான அந்தக் கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எல்லாம் அவங்க செய்றதுக்கா. ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. நான் உனக்கு எப்படிப் புரிய வைப்பேன்?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள். "பதினோரு வருஷமா ஒரு நாளும் நேரம் தப்புனதில்ல. இன்னிக்கி உன் பேச்சக் கேட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்."

கைப்பேசியை எடுத்தாள். ராகு கால நினைவூட்டலை மறுபடி இயக்கினாள். பிறகு எழுந்துபோய், பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோருக்காக வாசல் கதவைத் திறந்து வைத்தாள்.

அடுத்த மாதத்திலிருந்து அந்த வீட்டில் கார் கழுவுகிறார்கள். மஞ்சள் சுவர் அப்படியே இருக்கிறது.